பீச் ரோட்டுக்குப் பெயர் தந்த மேயரும் பாப்பாபட்டி நாற்காலியும்

புதுச்சேரிக்குப் போய்வந்த யாருடைய போனைத் திறந்தாலும் அந்த போட்டோ இருக்கும். பின்னால் கடல், பக்கத்தில் காந்தி சிலை, கையில் ஐஸ்க்ரீம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களை மட்டும் நடக்கவிடும் அந்தச் சாலையை நாம் எல்லோரும் 'பீச் ரோடு' என்றுதான் சொல்கிறோம். ஆட்டோக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால், பலகையில் இருக்கும் பெயர் வேறு. குபேர் அவென்யூ.

நேரு வீதிப் பக்கம் போனால் பெரிய மார்க்கெட். அதற்கும் அவர் பெயர்தான், குபேர் அங்காடி. நம்மூர்க்காரர்கள் பலரும் அதைப் படித்துவிட்டு, செல்வத்துக்கு அதிபதியான குபேரன் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். அந்தக் குபேரன் இல்லை. இவர் எதுவார் குபேர். பிரெஞ்சுக்காரத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த மனிதர். இந்தக் கடலோர நகரத்தின் மேயர். பிறகு புதுச்சேரியின் முதலமைச்சர்.

நான் உசிலம்பட்டிக்காரி. எங்க ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பாதி நாள் பயணம். அதனால் எங்களுக்குக் கடல் என்பது ஸ்கூல் டூர், இல்லையென்றால் ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கும் நாள். டிப்ளோமா முடித்து டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த பிறகுதான் கடலோர ஊர்களைப் பற்றி வாரம் ஒன்று எழுதும் வேலை வந்தது. 'வீக்எண்ட் பாண்டி, மிஸ் பண்ணக் கூடாத 10 இடங்கள்' மாதிரியான ஸ்டோரிகள். அப்படி ஒரு ஸ்டோரிக்குப் படக்குறிப்பு எழுதும்போதுதான், யார் இந்த குபேர் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னைச் சுற்றிச் சுற்றி உசிலம்பட்டிக்கே கொண்டுவந்து விட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

'மேரி' என்றால் சர்ச் அல்ல!

பீச் ரோட்டிலேயே கடலைப் பார்த்தபடி வெள்ளையாக, கம்பீரமாக ஒரு கட்டடம் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் அதை 'மேரி கட்டடம்' என்கிறார்கள். என்னோடு வந்த தோழி, "மேரினா மாதா கோயிலா?" என்று கேட்டாள். பிரெஞ்சு மொழியில் மேயருக்கு 'மேர்', மேயர் உட்காரும் அலுவலகத்துக்கு 'மேரி'. அதாவது, நம்ம ஊர் நகராட்சி ஆபீஸ்!

1870-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே அச்சில் மறுபடி கட்டி, 2021-ல் திறந்தார்கள். இன்றைக்குப் போட்டோ எடுப்பவர்கள் அது புதுக் கட்டடம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

பிரெஞ்சு ஆட்சியில் மேயர் பதவி என்பது வெறும் மாலை மரியாதைப் பதவி இல்லை. பிரெஞ்சு முறைப்படி பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் மேயர் அலுவலகப் பதிவேட்டில் ஏற வேண்டும். 1880-லேயே பிரெஞ்சு இந்தியாவை 'கொம்யூன்' என்ற உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சபையும் ஒரு மேயரும் என்று வைத்துவிட்டார்கள். இன்றும் புதுச்சேரியில் கிராமப்புற உள்ளாட்சி அலுவலகத்துக்கு 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் பெயர். கொம்யூன் பிரெஞ்சு, பஞ்சாயத்து நம்முடையது. அந்த ஊரின் கதையே அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஒரு புதுச்சேரிக்காரர்

குபேர் பிறந்தது 1894 ஜூலை 29, புதுச்சேரியில். சட்டம் படித்தவர். நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். அரசியலில் அவர் பெயர் பெரிதாக அடிபட்டது 1947-க்குப் பிறகுதான். பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவைவிட்டுப் போய்விட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போகவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் யாருடன் இருப்பது என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம், கம்யூனிஸ்ட் தலைவர் வ.சுப்பையா. பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டியவர். 1936 ஜூலை 30-ல் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர் அவர். இன்னொரு பக்கம் குபேர். பிரெஞ்சு இந்திய சோஷலிஸ்ட் கட்சியின் முகம். பிரான்ஸோடு உறவு தொடரட்டும், நமக்கு உள்ளூர் அதிகாரம் வேண்டும் என்பது அப்போது அந்தக் கட்சியின் நிலை.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யலாம். அந்த வாக்கெடுப்பை எப்போது, எப்படி நடத்துவது என்பதைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் நகராட்சி சபைகள் சொல்லும்.

இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு நிலப்பகுதி எந்த நாட்டோடு சேர வேண்டும் என்ற கேள்வியில், தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான கவுன்சிலர்கள் கையில் ஒரு சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் குபேரின் கட்சி வென்றது. அந்தக் காலத் தேர்தல்கள் சுத்தமாக நடந்தன என்று யாரும் சொல்வதில்லை. அடியாட்கள், மிரட்டல் பற்றிய புகார்கள் குபேரின் கட்சி மீது நிறையவே உண்டு. ஆனாலும் நகராட்சிகள் அவர் பக்கம் இருந்தன. அதனால், ஊரே அவர் பக்கம் இருந்த மாதிரி ஆனது. 1951-ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்வாகி பாரிஸுக்கும் போனார்.

ஒரே மாதத்தில் மாறிய காற்று

1954 மார்ச்சில் எல்லாம் தலைகீழானது. அதுவரை பிரான்ஸுக்கு நெருக்கமாக இருந்த குபேர், இந்தியாவுடன் இணைவோம் என்றார். மார்ச் 18-ம் தேதி புதுச்சேரிப் பகுதியின் நகராட்சிகள், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவுடன் சேருங்கள் என்று தீர்மானம் போட்டன. மாதக் கடைசியில் குபேரும் ஆதரவாளர்களும் நெட்டப்பாக்கத்தில் காவல் நிலையத்தைப் பிடித்து இந்தியக் கொடியை ஏற்றினார்கள். புதுச்சேரி மேப்பைப் பார்த்தால் நெட்டப்பாக்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும். அந்தப் பிரதேசம் ஒரே துண்டாக இல்லை. உடைந்த பானை ஓடுகள் மாதிரி, தமிழ்நாட்டு மண்ணுக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். நெட்டப்பாக்கத்தைச் சுற்றி இந்திய மண்.

ஏன் மாறினார்? இன்றுவரை இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் புரிந்துகொண்ட தலைவர் என்பது ஒரு பேச்சு. பிரெஞ்சு நிர்வாகத்தோடு மோதல் முற்றி, தன் மீது நடவடிக்கை பாயும் என்று தெரிந்ததும் கட்சி மாறியவர் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்கலாம். நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 18-ம் தேதி, புதுச்சேரிக்கு மேற்கே இருக்கும் கீழூர் என்ற சின்ன கிராமத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஊர் மக்கள் எல்லோரும் போடவில்லை. பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வந்து, சட்டப்படி இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16.

குபேர் அதன்பின் காங்கிரஸில் இருந்தார். மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். 1963 ஜூலை 1-ல் புதுச்சேரிக்கு சட்டமன்றம் வந்தபோது முதலமைச்சர் ஆனார். 1964 செப்டம்பரில் அந்தப் பதவி வேறொருவரிடம் போனது. 1979 ஆகஸ்ட் 14-ல், 85 வயதில் காலமானார். கடலோரச் சாலை அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது.

ஆள் இல்லாத மேரி

இதெல்லாம் படித்து முடித்ததும் எனக்கு வந்த கேள்வி சாதாரணமானது. சரி, இப்போது புதுச்சேரி மேயர் யார்?

யாரும் இல்லை. 1973-ல் வந்த நகராட்சிச் சட்டத்தோடு பிரெஞ்சுக் காலத்து மேயர் முறை முடிந்தது. அதற்குப் பதில் நகராட்சித் தலைவர் என்று ஆனது. அந்தத் தலைவராவது இருக்கிறாரா என்று பார்த்தால், அதுவும் பெரும்பாலும் இல்லை. 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். நடுவில் 38 ஆண்டுகள்! 2006-ல் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்கப்புறம் அடுத்த தேர்தல் உரிய நேரத்தில் வரவில்லை. 2021-ல் அறிவிப்பு வெளியானது. இட ஒதுக்கீட்டுச் சிக்கல், வழக்கு என்று அதுவும் நின்றது.

உள்ளாட்சிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகும் இதுதான் நிலை.

நகராட்சி உறுப்பினர்கள் கூடி எந்த நாட்டோடு சேர்வது என்று முடிவெடுத்த ஊர் அது. அந்த ஊரில் ஒரு தலைமுறை, வார்டு கவுன்சிலருக்கு ஓட்டே போடாமல் வளர்ந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து மேரி கட்டடத்தை நிமிர்த்திவிட்டார்கள். அதில் உட்கார வேண்டிய, மக்கள் தேர்ந்தெடுத்த ஆள்தான் இல்லை. சாயங்காலம் அந்தக் கட்டடத்துக்கு விளக்குப் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

2006. அந்த வருடத்தைப் பார்த்ததும்தான் எனக்குச் சட்டென்று ஊர் ஞாபகம் வந்தது.

எங்க பக்கத்து நாற்காலி

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி என்று இரண்டு ஊர்கள். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்கு மாசி சிவராத்திரியில் எங்க சனம் வண்டி கட்டிப் போகும். இந்த இரண்டு ஊர்களின் பெயர் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேப்பரில் வந்தது, கோயிலுக்காக அல்ல.

1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், யாரும் மனு போட மாட்டார்கள். போட்டு ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா. மதுரை மாவட்டத்தின் நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளிலும் இதே கதை. பத்து ஆண்டுகள் நாற்காலி காலி. அதே மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவராக ஜெயித்து, ராஜினாமா செய்யாமல் இருந்த முருகேசனை 1997 ஜூனில் கூட இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். நிற்க நினைப்பவர்களுக்கு அதைவிட வேறு மிரட்டல் தேவையில்லை.

2006-ல் அப்போதைய மதுரை கலெக்டர் த.உதயச்சந்திரன் இந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். அக்டோபரில் தேர்தல் நடந்தது. நான்கு ஊர்களிலும் தலைவர்கள் பதவியேற்றார்கள், பதவியில் இருந்தார்கள். முதல்வராக இருந்த கருணாநிதி அவர்களைச் சென்னைக்கு அழைத்து 'சமத்துவப் பெருவிழா' நடத்தினார். 2021 அக்டோபர் 2-ல் பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்துக்கு முதல்வர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார்.

ஆக, 38 ஆண்டு காலியாக இருந்த புதுச்சேரி நாற்காலிகளிலும், பத்து ஆண்டு காலியாக இருந்த பாப்பாபட்டி நாற்காலியிலும் ஒரே வருடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் வேறு வேறு. அங்கே தேர்தலே அறிவிக்கப்படவில்லை. இங்கே அறிவித்த தேர்தலை ஊர் நடக்கவிடவில்லை. அங்கே அலட்சியம், இங்கே சாதி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். ஆனால், காலி நாற்காலியால் கஷ்டப்படுபவர் எந்த ஊரிலும் ஒருவரேதான். பெரிய இடத்தில் ஆள் தெரியாதவர். எம்.எல்.ஏ வீட்டு வாசல்வரை போக முடியாதவர். தெருமுனை ஆளிடம் மட்டும் உரிமையோடு சண்டை போடக்கூடியவர்.

அப்பத்தா சொன்னது

இதை எழுதுவதற்கு முன் ஊருக்குப் போனேன். எங்க அப்பத்தா பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டோ எண்பதோ. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அப்பத்தா, பாப்பாபட்டில பத்து வருசம் பிரசிடெண்டே இல்லையாம்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதப்பத்தி எழுதுறேன். ஏன் அப்பத்தா யாரும் நிக்கல?"

வெற்றிலை மடித்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நிக்கலைனு எழுதுவியா, நிக்க விடலைனு எழுதுவியா?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார். "ஆம்பளைக மந்தையில உக்காந்து பேசுவாக. நாங்க கஞ்சி கொண்டுபோயி வச்சுட்டு வருவோம். தப்புனு தெரியாமயா இருந்துச்சு? தெரிஞ்சுதேன் இருந்துச்சு. ஆனா அத நம்ம வீட்ல ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லல. நீதேன் மொத மொத கேக்குற."

எங்க வீட்டில் அதுவரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டிவியில் அந்தச் செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது ஊர்ப் பெயரைச் சொன்னால் மதுரைப் பிள்ளைகள், "ஓ, அந்த உசிலம்பட்டியா?" என்பார்கள். அதில் எந்த 'அந்த' என்று நான் விசாரித்ததில்லை. எங்க ஊருக்கு அப்படிப் பல 'அந்த' உண்டு. இப்போது ஒன்றையாவது நானே சொல்லிவிடுகிறேன். நிற்க விடவில்லை. எங்க ஆட்கள்தான் நிற்க விடவில்லை.

2006-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் கேட்க இதமாக இருக்கும். நாற்காலி காலியாவது அத்தனை சுலபத்தில் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2016-ல் நடக்க வேண்டிய நகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் எங்க உசிலம்பட்டி நகராட்சியையும் தனி அலுவலர்தான் பார்த்தார். நான் காலேஜ் படித்த வருடங்கள் எல்லாம் அதில் அடக்கம். அந்த நாட்களில் எங்க வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை என்பதை எங்க தெருவில் யாரும் ஒரு செய்தியாகப் பேசிய ஞாபகம் இல்லை. முதலமைச்சர் நாற்காலி ஒரு நாள் காலியாக இருந்தால் எல்லா சேனலிலும் பிரேக்கிங் ஓடும். கவுன்சிலர் நாற்காலி ஐந்து வருடம் காலியாக இருந்தாலும் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூட வராது.

ஊராட்சிகளிலும் அப்படித்தான். 2019 டிசம்பரில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. புதுத் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். எவ்வளவோ பாடுபட்டு நிரப்பிய பாப்பாபட்டி நாற்காலிக்கும் அதே கதிதான். இந்த முறை யாரும் மிரட்டவில்லை. அதனாலேயே யாரும் பேசவும் இல்லை.

தனி அலுவலர்கள் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவரவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அவர்களிடம் நாம் மனுதான் கொடுக்க முடியும். அடுத்த எலெக்‌ஷன்ல பார்த்துக்கறேன் என்று சொல்ல முடியாது. குபேர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அவரைச் சுற்றி இருந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்ற ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. எதிரிகள் அவரை எதிர்த்து நிற்க முடிந்தது. ஊர் அவரைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகப் பேச முடிந்தது. உள்ளூரில் ஆளே இல்லாவிட்டால் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

கிளம்பும்போது அப்பத்தாவிடம், தெருக்குழாயில் தண்ணி வருதா என்று கேட்டேன். பத்து நாளாக வரவில்லை என்றார். ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாமே என்றேன்.

"பஸ் ஏறிப் போயி, அங்க ஆரு என்னனு தெரியாம நிக்கணும். முன்னாடினா பிரசிடெண்டு வீட்டு வாசல்ல நின்னு ஒரு சத்தம் போடுவேன். சாயங்காலம் தண்ணி வந்துரும்" என்றவர், வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு சொன்னார்.

"இப்ப ஆரு வாசல்லத்தா நின்னு சத்தம் போடுறது?"